லைக்கிபியாவில் ஒரு குடும்பத்தின் சஃபாரி லாட்ஜில் தங்குவது: முழுமையான வழிகாட்டி

லாட்ஜ் என்றதும் நமக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்தான் மனசில் வரும். கென்யாவில், மவுண்ட் கென்யாவுக்கு வடமேற்கே விரிந்து கிடக்கும் லைக்கிபியா பீடபூமியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. ஒரு குடும்பம் பல்லாயிரம் ஏக்கர் காட்டுக்குள் வீடு கட்டி வாழ்கிறது. அதை ஒட்டி ஆறோ எட்டோ அறைகளையோ கூடாரங்களையோ விருந்தினருக்காக வைத்திருக்கிறது. சமையல், வண்டி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் நான்கு முறை இப்படித் தங்கியிருக்கிறேன். இரண்டு முறை சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தடவை வருபவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் தடுமாறுகிறார்கள். ஓட்டலில் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிற விஷயங்களை இங்கே பல வாரம் முன்பே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். ரிசப்ஷன் கிடையாது, பக்கத்தில் கடை கிடையாது. ஒரு மாத்திரை வேண்டுமென்றாலும் நன்யூக்கி ஊருக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் வண்டி போக வேண்டும். அதனால் என்ன செய்வது என்பதோடு, எதை முதலில் செய்வது என்பதும் இங்கே முக்கியம்.

1. முதலில் மாதம், அப்புறம்தான் இடம்

நம் பள்ளிகளின் கோடை விடுமுறையைப் பார்த்து மே மாதத்தில் டிக்கெட் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கென்யாவில் மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழைக்காலம். நவம்பரையொட்டி ஒரு சின்ன மழைக்காலமும் உண்டு. குடும்ப லாட்ஜ்கள் பல ஏப்ரல், மே மாதங்களில் மூடி, கூரை மாற்றுவது, வண்டி பழுது பார்ப்பது போன்ற வேலைகளை முடித்துக்கொள்ளும்.

லைக்கிபியாவில் பல இடங்களில் கரிசல் மண். மழைக்குப் பிறகு கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு அது காலை எப்படிப் பிடிக்கும் என்று தெரியும். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பும் அதில் சிக்கும். ஜனவரி, பிப்ரவரி, ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் காலாண்டு விடுமுறை கச்சிதமாகப் பொருந்தும்.

இன்னொரு விஷயம். லட்சக்கணக்கில் விலங்குகள் ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டுமென்றால் நீங்கள் போக வேண்டியது மசாய் மாரா, அதுவும் ஜூலை முதல் அக்டோபருக்குள். லைக்கிபியாவில் அது கிடையாது. இங்கே காண்டாமிருகம், நெருக்கமான மெல்லிய கோடுகள் கொண்ட கிரேவி வரிக்குதிரை, வலை போட்டதுபோல் தோல் இருக்கும் ஒட்டகச்சிவிங்கி, அதிர்ஷ்டம் இருந்தால் ஆப்பிரிக்கக் காட்டுநாய், எல்லாவற்றுக்கும் மேலாகக் காட்டுக்குள் காலால் நடப்பது. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

2. எந்த வகை நிலம் என்று கேளுங்கள்

தேசியப் பூங்காக்களில் பொதுவாக இரவு வண்டி, அதாவது இருட்டில் ஜீப்பில் விலங்கு பார்க்கப் போவது, கிடையாது; பாதையை விட்டு இறங்கக் கூடாது, பெரும்பாலான இடங்களில் நடக்கவும் முடியாது. கன்சர்வன்சி என்பது தனியார் அல்லது ஊர் மக்கள் தங்கள் நிலத்தை வனவிலங்குக்காக ஒதுக்கி வைத்திருக்கும் இடம். 2013-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. இங்கே விதிகளை நிலத்துக்காரர்களே வகுப்பதால் நடை, இரவு வண்டி போன்றவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் எல்லாம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் பெயராகக் கேளுங்கள்: நடை உண்டா, இரவு வண்டி உண்டா, காண்டாமிருகம் இந்த நிலத்திலேயே இருக்கிறதா, பக்கத்து நிலத்துக்குப் போக வேண்டுமா?

இந்தப் பக்கத்துக் கன்சர்வன்சிகளில் மூன்றைச் சொல்கிறேன். லேவா முன்பு ஒரு குடும்பத்தின் மாட்டுப் பண்ணை. 1983-இல் அதன் ஒரு பகுதி காண்டாமிருகச் சரணாலயமானது. 1995-இல் மொத்த நிலமும் கன்சர்வன்சி ஆனது. இல் ங்வேசி மசாய் ஊர் மக்களுக்கே சொந்தம். ஒல் பெஜெட்டாவில்தான் உலகின் கடைசி இரண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள், நாஜினும் ஃபாட்டுவும், இருக்கின்றன. உங்கள் லாட்ஜ் வேறு நிலத்தில் இருந்தால் அங்கே போய்வர ஒரு முழு நாள் ஆகலாம், நுழைவுக் கட்டணமும் தனி. இதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போனவுடன் சிலர் முகம் சுளிப்பது மாடுகளைப் பார்த்துத்தான். "விலங்கு பார்க்க வந்தால் மாடு மேய்கிறதே!" லைக்கிபியாவில் போரான் மாடுகளும் வரிக்குதிரைகளும் ஒரே புல்லைப் பகிர்ந்துகொள்கின்றன. மந்தையை இடம் மாற்றி மாற்றி மேய்த்து, ராத்திரியில் தூக்கி வைக்கக்கூடிய பட்டிக்குள் அடைக்கிறார்கள். பட்டி இருந்த இடத்தில் சாணி உரமாகிப் பசும்புல் முளைக்கும். மான்கள் அதைத் தேடி வரும். மாட்டு வருமானமும் சேர்ந்துதான் இந்த நிலம் வேலி போட்ட வயலாகாமல் நிற்கிறது. மேய்ப்பவர்களிடம் வழிகாட்டி மூலம் பேசிப் பாருங்கள். சிங்கம் நேற்று எந்தப் பக்கம் போனது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

3. முதல் மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் எழுதுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். பதில் எழுதுவது பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவோ மகனோதான். தெளிவாக எழுதினால் தெளிவாக ஏற்பாடு செய்வார்கள்.

சாப்பாடு. "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல் போதாது. மீன் வேண்டாம், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப் வேண்டாம், முட்டை சாப்பிடுவோம் அல்லது மாட்டோம் என்று பிரித்து எழுதுங்கள். சமையல்காரர் வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோதான் டவுனுக்கு ஆள் அனுப்பிச் சாமான் வாங்குவார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கென்யா சமையலறையில் நம் நாக்குக்குப் பழகியது நிறைய உண்டு. சப்பாத்தி அங்கே அன்றாட உணவு. பச்சைப்பயறில் செய்யும் ந்தெங்கு, சோளமும் பயறும் சேர்ந்த கிதேரி, கீரைப் பொரியல் மாதிரியான சுகுமா விக்கி எல்லாம் கேட்டால் செய்து தருவார்கள். விருந்தாளிக்கு இதெல்லாம் பிடிக்காதோ என்று தாமாகச் செய்ய மாட்டார்கள், கேட்க வேண்டும். தயிர் இல்லாமல் முடியாது என்பவர்கள் "மசிவா லாலா" என்று கேளுங்கள். புளித்த பால், கொஞ்சம் தண்ணியாக இருக்கும். சோற்றில் பிசைந்து சாப்பிட நன்றாகவே இருக்கும்.

உடம்பு. முட்டி வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் சாப்பாட்டு இடத்துக்குப் பக்கத்து அறையைக் கேளுங்கள். அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளி, பாறைச் சரிவில்கூட இருக்கும். தூங்கும்போது மூச்சுக் கருவி போடுபவர்கள் ராத்திரி முழுக்க மின்சாரம் உண்டா என்று கேட்க வேண்டும். பல இடங்களில் சோலார்தான். வீட்டு நாய்கள் நாலைந்து சுற்றி வரும். பயம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பிள்ளைகளின் வயது. நடைக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையை அழைத்துப் போனால் பெற்றோரில் ஒருவர் மாறி மாறித் தங்க வேண்டியிருக்கும்.

கட்டணத்தில் எது அடக்கம்? கன்சர்வன்சி கட்டணம், விமான இறங்குதளத்திலிருந்து வண்டி, பானங்கள், துணி துவைப்பது. கன்சர்வன்சி கட்டணம் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வரும். ரேஞ்சர்களின் சம்பளம் போன்ற செலவுகள் அதிலிருந்துதான். சில இடங்களில் அதைத் தனியாகப் போடுவார்கள். நாலு பேர், நாலு ராத்திரி என்றால் கணக்கு சட்டென்று ஏறிவிடும்.

குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நான்கு. இரண்டு இரவு தங்கினால் வந்த களைப்பு தீருவதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிடும். ஐந்து இடத்தை ஒன்றரை நாளாகப் பார்ப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பணம் பெரும்பாலும் வங்கி மூலம் அனுப்பச் சொல்வார்கள். நம் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். அனுப்பும் முன் கணக்கு எண்ணைப் போனில் ஒருமுறை சரிபாருங்கள். மின்னஞ்சலை யாராவது இடைமறித்து வேறு கணக்கு எண்ணை அனுப்புவது எங்கும் நடக்கிற மோசடி.

4. டிக்கெட், இ.டி.ஏ., ஊசி

லாட்ஜ் உறுதியானதும் விமான டிக்கெட், அதன் பிறகு இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி. இந்த வரிசையை மாற்ற முடியாது; விண்ணப்பத்தில் தங்குமிட ஆதாரமும் பயண விவரமும் கேட்பார்கள். 2024 ஜனவரியிலிருந்து கென்யா விசாவுக்குப் பதிலாக இந்த மின்னணு அனுமதிதான். அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் வாங்குகின்றன. முகவரியை நன்றாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. இந்தியாவிலிருந்து நேராகப் போனால் கென்யாவில் இதைக் கேட்பதில்லை என்று சிலர் போடாமல் விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை திரும்பி வரும்போதுதான். கென்யாவிலிருந்து வருபவரிடம் இந்தியா ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்கும்; இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்தக் கிழமை, முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அறுபது வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மலேரியா மாத்திரை பற்றியும் அதே மருத்துவரிடம் கேளுங்கள். லைக்கிபியா உயரமான இடம் என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் மாராவுக்கோ கடற்கரைக்கோ சேர்த்துப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும்.

பயணக் காப்பீட்டில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டு போகும் செலவு உண்டா என்று பாருங்கள். கென்யாவில் ஆம்ரெஃப் அமைப்பின் பறக்கும் மருத்துவர் சேவை இருக்கிறது. சில லாட்ஜ்கள் அதன் குறுகிய காலச் சந்தாவைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடும்.

5. நைரோபியில் ஒரு இரவு

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை; மும்பை, வளைகுடா போன்ற இடங்கள் வழியாகத்தான். வந்து இறங்கும் பெரிய விமான நிலையமும், உள்நாட்டுச் சின்ன விமானங்கள் கிளம்பும் வில்சன் விமான நிலையமும் ஒரே ஊரில் வேறு வேறு இடங்கள். நடுவில் நைரோபி நெரிசல். காட்டு இறங்குதளங்களில் விளக்கு கிடையாது, அதனால் அந்த விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். ஒரு தாமதம் அடுத்ததைத் தவறவிட்டுவிடும். எனவே முதல் ராத்திரி நைரோபியிலேயே தங்குங்கள்.

சின்ன விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மறுக்கலாம். விமானத்தின் வயிற்றறை அவ்வளவு சின்னது. வளையும் துணிப்பைதான் சரி. பெரிய பெட்டியை நைரோபி ஓட்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

ரோட்டில் போவதென்றால் நைரோபியிலிருந்து நன்யூக்கிக்குச் சுமார் 200 கிலோமீட்டர், நாலு மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் கிராவல் ரோடு. இருட்டுவதற்குள் கன்சர்வன்சி கேட்டைத் தாண்டியாக வேண்டும், எனவே காலையிலேயே கிளம்புங்கள்.

6. பையில் என்ன

நிலநடுக்கோடு என்பதால் கம்பளி எதற்கு என்று விட்டுவிடுவார்கள். நன்யூக்கி இருப்பது ஏறக்குறைய குன்னூர் உயரத்தில். விடியற்காலை திறந்த ஜீப்பில் காற்று காதைக் கிழிக்கும். ஒரு ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, குல்லாய் கட்டாயம். துணி தினமும் துவைத்துத் தருவார்கள். மூன்று ஜோடி போதும். உள்ளாடையைத் துவைக்கக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமில்லை. அறையில் சோப்புத்தூள் வைத்திருப்பார்கள்.

காக்கி, மண் நிறம், பச்சை நல்லது. ராணுவப் புள்ளி போட்ட உடை கென்யாவில் பொதுமக்களுக்குத் தடை. பிள்ளைகளின் கால்சட்டையிலும் பார்த்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் கேரி பேக் 2017 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்கத் தடை. துணிகளைப் பிரித்து வைக்க மஞ்சப்பை எடுத்துப் போங்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு பைனாகுலர். இதில் சிக்கனம் வேண்டாம். குடும்பத்துக்கு ஒன்று என்று போனால், அது கைமாறி வருவதற்குள் சிறுத்தை புதருக்குள் போயிருக்கும். சதுர மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர். டாலர் நோட்டுகள் புதிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும்; பழைய வரிசை நோட்டுகளை வாங்க மாட்டார்கள்.

7. வந்த நாள்: விதிகளும் வெந்நீரும்

முதலில் பாதுகாப்பு விதிகளைச் சொல்வார்கள். களைப்பில் தலையாட்டாமல் கேளுங்கள். வேலி இல்லாத இடமென்றால் யானை அறைகளுக்கு நடுவிலும் நடக்கும். இருட்டிய பிறகு தனியாக வெளியே வரக் கூடாது. அஸ்காரி என்று சொல்லும் காவலர் டார்ச்சோடு வந்து கூட்டிப்போவார். அவரைக் கூப்பிட விசிலா, வாக்கி டாக்கியா, டார்ச் அசைப்பதா என்று அப்போதே செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர் பல இடங்களில் விறகு பாய்லரில்தான், நம் பழைய வீடுகளின் பின்கட்டில் இருந்த மாதிரி. சாயங்காலம்தான் பற்றவைப்பார்கள். காலையில் குளித்துப் பழகிய நம் ஆட்கள் விடிந்ததும் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் நடுங்குவார்கள். எத்தனை மணிக்கு வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் போதும். நான் சாயங்காலக் குளியலுக்கே மாறிவிட்டேன். ஜீப்பில் படிந்த புழுதி அப்போதுதான் போகும்.

தின்பண்டத்தைக் கூடாரத்தில் வைக்காதீர்கள். முறுக்கோ பழமோ, வாசனை பிடித்துக் குரங்கு வரும். அதற்கு ஜிப் திறக்கத் தெரியும். சமையலறையில் கொடுத்தால் டப்பாவில் வைத்துத் தருவார்கள்.

முதல் ராத்திரி என் சித்தி போர்வைக்குள் காலை நீட்டியதும் அலறிவிட்டார். காலடியில் ஏதோ கதகதப்பாக, மெத்தென்று. கம்பளி உறை போட்ட வெந்நீர்ப் பை அது. குளிருக்காகப் படுக்கையில் வைப்பது அங்கே வழக்கம். மறுநாள் ராத்திரி அவரே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

8. விடியற்காலை ஜீப்பில்

ஐந்தரை, ஆறு மணிக்கு வாசலில் டீயும் பிஸ்கட்டும் வரும். உடனே கிளம்புங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். ஒரு அரை மணி தாமதம் பாதி காலையைத் தின்றுவிடும்.

ஜீப்பில் எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள். சிங்கத்துக்கு வண்டி மொத்தமும் ஒரே உருவம். யாராவது எழுந்தால் அந்த உருவம் உடைந்து மனிதன் தெரிவான். அப்போது அது ஓடும், அல்லது முறைக்கும்.

"சிங்கம் எங்கே?" என்று வழிகாட்டியை நச்சரிப்பது வேண்டாம். அவரை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் சும்மா இருந்தால் ஒரு பறவையின் அபாயக் குரல், மான்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பது என்று காடு தானே காட்டிக்கொடுக்கும். நான் பார்த்த ஒரே காட்டுநாய்க் கூட்டம் அப்படி அணைத்து வைத்திருந்தபோது வந்ததுதான்.

காண்டாமிருகப் படத்தை எடுத்த உடனே இடத்தோடு வெளியிடாதீர்கள். போனில் இட விவரத்தை அணைத்து வையுங்கள். கொம்புக்காகக் கொல்பவர்களுக்கு அது துப்பு.

9. காலால் நடக்கும்போது

வழிகாட்டி முன்னால் துப்பாக்கியோடு, நீங்கள் ஒருவர் பின் ஒருவராக. பேச்சு கிடையாது, கை ஜாடைதான். அவர் கையில் சுருக்குப்பை அளவில் ஒரு துணிமுடிச்சு இருக்கும், உள்ளே அடுப்புச் சாம்பல். அடிக்கடி அதை உதறிப் பார்ப்பார். சாம்பல் மிதந்து போகும் திசைதான் காற்றின் திசை. நம் வாடை விலங்கின் பக்கம் போகாதபடி அவர் சுற்றி வளைத்துக் கூட்டிப்போவார். காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை மந்தம். மூக்கும் காதும் அபாரம். சென்ட்டும் மல்லிகை எண்ணெயும் அன்றைக்கு வேண்டாம்.

எது வந்தாலும் ஓடக் கூடாது. அவர் நில் என்றால் நில், பின்னால் வா என்றால் மெதுவாகப் பின்னால். தனியாக நிற்கும் கிழட்டு எருமையைப் பார்த்தால் அவர் வழியையே மாற்றுவார். ஏன் என்று அப்புறம் கேளுங்கள். செருப்பு வேண்டாம். வேல முள் ரப்பரைத் துளைத்து வரும். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

10. ஒரே மேசையில் சாப்பாடு

ராத்திரி வீட்டுக்காரர்களும் விருந்தினரும் ஒரே நீள மேசையில். பலர் கூச்சப்பட்டு அறைக்கே சாப்பாடு கேட்கிறார்கள். வேண்டாம். நாளைய திட்டம் அந்த மேசையில்தான் முடிவாகிறது. மழை பொய்த்தது, பக்கத்து ஊரோடு மேய்ச்சல் பேச்சு, கிணற்றை யானை உடைத்தது என்று அந்த நிலத்தின் கதையும் அங்கேதான் கிடைக்கும். சப்பாத்தியைக் கையால் சாப்பிடலாம், அங்கே எல்லோரும் அப்படித்தான்.

சமையலறைக்குள் போக ஆசை என்றால் சமையல்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். சம்புரு, மசாய் மக்களைப் படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள். ஊர் பார்க்கப் போனால் கட்டணம் ஊருக்குப் போகிறதா என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

11. கிளம்பும் நாள்

அன்பளிப்பை ஒவ்வொருவர் கையிலும் திணிக்காதீர்கள். தண்ணீர் சூடாக்குபவர், துணி துவைப்பவர் நம் கண்ணில் படுவதே இல்லை. அவர்களுக்கும் சேர வேண்டும் என்றுதான் பொதுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிக்கு மட்டும் தனி உறையில். வழிகாட்டிக்கு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து டாலர், பெட்டியிலும் அதே அளவு என்று நான் வைக்கிறேன். ஷில்லிங்கும் சரி. வெளிநாட்டுச் சில்லறைக் காசு வேண்டாம், அவர்களால் அதை மாற்ற முடியாது.

சின்ன விமானம் வழியில் இரண்டு, மூன்று தளங்களில் இறங்கி ஏறும். நேரம் முந்தின நாள் மாலைகூட மாறலாம். காலை விமானத்தில் நைரோபி வந்து, நடு ராத்திரி விமானத்தில் ஊருக்குக் கிளம்புவது பாதுகாப்பானது. ஓட்டலில் விட்ட பெட்டியையும் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கும்.

மஞ்சள் அட்டையைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில், குடியேற்றப் பிரிவுக்கு முன்னாலேயே சுகாதார மேசையில் அதைக் கேட்பார்கள். பெட்டி வந்து சேருவது அதற்கு அப்புறம்தான்.